தண்ணீரா, பச்சையா, சிவப்பா? பழைய வண்டியின் கூலன்ட் விவாதம்: ஒரு மதிப்பீடு

இருபது முப்பது ஆண்டு ஓடிய காரின் ரேடியேட்டரில் எதை ஊற்றுவது என்று கேட்டால், கேட்ட இடத்துக்கு ஒரு பதில் வரும். "நம்ம ஊர் வெயிலுக்குக் கூலன்ட் எதுக்கு சார், தண்ணியே போதும்" என்பது ஒன்று. பச்சைக் கேன்தான் பழைய வண்டிக்குச் சேரும் என்பது இன்னொன்று. சிவப்பை ஊற்றினால் ஐந்து வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்பது மூன்றாவது. மாற்றும் விஷயத்திலும் இதே கதைதான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கண்டிப்பாக மாற்று என்பவரும் உண்டு, ஓடுகிற வண்டியில் கை வைக்காதே என்பவரும் உண்டு.

இவற்றில் எதையும் வெறும் வாய்ப்பேச்சு என்று தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு பதிலுக்குப் பின்னாலும் ஒரு நாட்டின் குளிர், ஒரு காலத்து உலோகம், ஒரு ஊரின் தண்ணீர் இருக்கிறது. பதில் மட்டும் ஊர் ஊராகப் பரவ, அதன் பின்னணி கழன்று விழுந்துவிட்டது. அம்பாசடர், பத்மினி, மாருதி 800 போன்ற வண்டிகளை இன்றும் வைத்திருப்பவர்களுக்கு எது பொருந்தும் என்று பார்க்க, அந்தப் பின்னணியையும் சேர்த்துப் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது.

பனிக்கு வந்த மருந்து

தொடக்க காலக் கார்களில் தண்ணீரைத் தவிர வேறு பேச்சில்லை. 1901ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 35 எச்பி காருக்காக வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த தேன்கூட்டு ரேடியேட்டர், குறைந்த தண்ணீரில் அதிக வெப்பத்தை வெளியேற்ற வழி செய்தது. ஃபோர்டின் மாடல் டி காரில் பெரும்பாலானவற்றுக்கு வாட்டர் பம்ப்பே கிடையாது. சூடான நீர் தானே மேலேறி, ஆறிய நீர் கீழிறங்கும் சுழற்சியிலேயே அது ஓடியது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிக்கல் வெப்பத்தால் வரவில்லை, குளிரால் வந்தது. தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 விழுக்காடு பருக்கிறது. அந்த அழுத்தத்தில் வார்ப்பிரும்பு பிளாக்கே வெடித்துவிடும். எனவே மெத்தனால், கிளிசரின், கால்சியம் குளோரைடு உப்பு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கலந்து பார்த்தார்கள். உப்பு உலோகத்தைத் தின்றது. சுமார் 65 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும் மெத்தனால், எஞ்சின் சூடானதும் ஆவியாகிப் போனது.

1850களில் பிரெஞ்சு வேதியியலாளர் ஷார்ல் அடோல்ஃப் வூர்ட்ஸ் முதன்முதலில் தயாரித்த எத்திலீன் கிளைக்கால், முதல் உலகப் போரில் வெடிமருந்துத் தொழிலுக்குப் பயன்பட்டது. 1927இல் அமெரிக்காவில் பிரெஸ்டோன் என்ற பெயரில் அது கார்களுக்கு வந்தது. கொதிநிலை சுமார் 197 டிகிரி. ஆகவே ஆவியாகித் தொலையாது. தண்ணீருடன் பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் விமான எஞ்சின் முதலில் கலப்பில்லாத கிளைக்காலில் ஓடியது. பிறகு அழுத்தமேற்றிய அமைப்பில் 70 பங்கு தண்ணீரும் 30 பங்கு கிளைக்காலும் போதும் என்று மாறியது. வெப்பத்தை ஏந்திச் செல்வதில் தண்ணீரை எதுவும் வெல்லாது என்பதை அன்றைய விமானப் பொறியாளர்களே ஒப்புக்கொண்டதற்கு அது சாட்சி.

கிளைக்காலுக்கு ஒரு குணம் உண்டு. சூட்டிலும் காற்றுப் படுதலிலும் மெல்ல மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து கிளைக்காலிக் அமிலமாகவும் ஃபார்மிக் அமிலமாகவும் மாறும். அந்த அமிலம் உலோகத்தை அரிக்கும். அதைத் தடுக்கச் சேர்க்கும் மருந்துக்கூட்டே அரிப்புத் தடுப்பான்கள். இன்றைய அடர்கூலன்ட் கேனில் பெரும்பங்கு கிளைக்கால்தான், தடுப்பான்கள் சில விழுக்காடு மட்டுமே. பச்சைக்கும் சிவப்புக்கும் நடக்கும் சண்டை முழுவதும் இந்தச் சில விழுக்காட்டைப் பற்றியதுதான்.

முதல் தரப்பு: தண்ணீரே போதும்

சமவெளித் தமிழ்நாட்டில் இந்தத் தரப்பின் முதல் வாதம் எளிது: இங்கே உறைபனி கிடையாது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் டிசம்பர், ஜனவரியில் சில இரவுகள் சுழியத்தைத் தொடும். மற்ற ஊர்களில் உறைநிலை பற்றிக் கவலைப்படக் காரணமே இல்லை. இரண்டாவது வாதம் இயற்பியல். பாதிக்குப் பாதி கிளைக்கால் கலவையின் வெப்ப ஏற்புத்திறன், எடைக்கு எடை தண்ணீரைவிட சுமார் 15 விழுக்காடு குறைவு. பந்தயக் கார்களில் பலர் கிளைக்காலைத் தவிர்த்துத் தண்ணீரோடு தடுப்பான் மட்டும் சேர்ப்பதற்கு, கொட்டினால் ஓடுதளம் வழுக்கும் என்பதோடு இதுவும் காரணம்.

ஆனால் "தண்ணீர்" என்று இவர்கள் சொல்வது எந்தத் தண்ணீர் என்பதில்தான் வாதம் தடுமாறுகிறது. இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500, வேறு ஆதாரம் இல்லாதபோது லிட்டருக்கு 1000 மில்லிகிராம் வரை குளோரைடையும் 600 வரை கடினத்தன்மையையும் அனுமதிக்கிறது. கூலன்ட்டின் அரிப்புத் தடுப்பை அளக்கும் ஏஎஸ்டிஎம் டி1384 சோதனைக்கு வேண்டுமென்றே "அரிக்கும் தண்ணீர்" தயாரிப்பார்கள். அதில் சேர்க்கும் குளோரைடின் அளவு 100 பிபிஎம்தான். கனரக எஞ்சின் தயாரிப்பாளரான கேட்டர்பில்லர், கூலன்ட்டுடன் கலக்கும் நீரில் குளோரைடு 40 மில்லிகிராமையும் கடினத்தன்மை 170 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்கிறது. குடிக்க ஆகும் போர்த் தண்ணீர், ரேடியேட்டருக்கு ஆகாததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

கடினநீர் சூடாகும்போது கால்சியம் கார்பனேட் உப்பாகப் படிகிறது. ஹெட்டில் வெளியேற்ற வால்வைச் சுற்றியுள்ள மிகச் சூடான இடங்களில்தான் அது முதலில் ஒட்டும். உப்புப் படிவின் வெப்பக்கடத்துத்திறன் வார்ப்பிரும்பினதில் சிறு பின்னமே. ஆகவே தண்ணீர் அளவு சரியாக இருந்தும், மீட்டரில் முள் ஏறாமலிருந்தும், ஹெட் மட்டும் உள்ளூரச் சூடேறலாம்.

இந்தக் குறையை உணர்ந்த பழைய பட்டறைகள் இடைவழி ஒன்றைக் கண்டன. தண்ணீரில் கரையும் எண்ணெயை, அதாவது லேத்தில் ஊற்றும் கட்டிங் ஆயிலைக் கொஞ்சம் சேர்ப்பது. இதை மூடத்தனம் என்று ஒதுக்க முடியாது. கரையும் எண்ணெயை அரிப்புத் தடுப்பானாகவும் பம்ப் சீலுக்கு வழுவழுப்பாகவும் பயன்படுத்துவது மேலைநாட்டிலும் ஒருகாலத்தில் வழக்கமாக இருந்தது. அளவு கூடினால் ரப்பர் ஹோஸ் உப்பும், உள்சுவரில் எண்ணெய்ப் படலம் ஒட்டி வெப்பம் கடப்பதைக் குறைக்கும். அதனால் அந்த முறை பின்தங்கிப் போனது.

இதே தரப்பைச் சேர்ந்த இன்னொரு வழக்கம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது. அடைத்துப்போன ரேடியேட்டரில் அது தற்காலிகமாக உதவக்கூடும். ஆனால் எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடுவதால் பெட்ரோல் செலவு கூடும், சிலிண்டர் தேய்மானமும் கூடும். அடைப்பு அப்படியே உள்ளே இருக்கும்.

இரண்டாம் தரப்பு: பச்சையும் நீலமும்

சிலிக்கேட், பாஸ்பேட், போரேட், நைட்ரைட் போன்ற கனிம உப்புகளைத் தடுப்பானாகக் கொண்டது மரபுவழிக் கூலன்ட். அமெரிக்காவில் பெரும்பாலும் பச்சை, பிரிட்டனில் பெரும்பாலும் நீலம். செம்புக்கும் பித்தளைக்கும் தனியாக டோலில்ட்ரையசோல் போன்ற சேர்மம் சேரும். பிரிட்டனின் பழைய தரநிலைகளான பிஎஸ் 3150, 3151, 3152 மூன்றும் மூன்று வெவ்வேறு தடுப்பான் கூட்டுகளை வகுத்தன. முதலாவது பாஸ்பேட் வழி, இரண்டாவது பென்சோயேட்டும் நைட்ரைட்டும், மூன்றாவது போராக்ஸ். எல்லா எஞ்சினுக்கும் ஒரே மருந்து போதாது என்ற தெளிவு அன்றே இருந்தது. பின்னாளில் பிஎஸ் 6580 இவற்றின் இடத்தைப் பிடித்தது.

இந்தத் தரப்பின் பலம் வேகம். சிலிக்கேட், அலுமினியத்தின் மேல் சீக்கிரமே மெல்லிய காப்புப் படலமாகப் படிந்துவிடும். செம்பு, பித்தளை, ஈயச் சால்டர், வார்ப்பிரும்பு எல்லாம் கலந்த பழைய அமைப்புகளுக்காகவே இந்தக் கூட்டுகள் உருவாக்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் சாலையில் சோதிக்கப்பட்டன. பிரிட்டனின் வரலாற்று வாகன மன்றங்களின் கூட்டமைப்பு, பழைய வண்டிகளுக்கு இந்த மரபுவழிக் கூலன்ட்டையே பரிந்துரைத்தது.

பலவீனமும் அந்தப் படலத்திலிருந்தே வருகிறது. சுவர் முழுக்கப் போர்வை போர்த்துவதால் தடுப்பான் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. இரண்டு ஆண்டு அல்லது சுமார் 50,000 கிலோமீட்டர் என்ற மாற்றுக் கெடு அதனால்தான். கிளைக்கால் அளவுக்கு மீறினால் சிலிக்கேட் கூழாகப் பிரிந்து குழாய்களை அடைக்கும். கடினநீர் சேர்ந்தால் பாஸ்பேட் கால்சியத்துடன் கூடி உப்பாகப் படியும்.

மூன்றாம் தரப்பு: சிவப்பும் ஆரஞ்சும்

1970களுக்குப் பிறகு செம்பு ரேடியேட்டரின் இடத்தை அலுமினிய ரேடியேட்டரும் பிளாஸ்டிக் டேங்கும் பிடித்தன. எஞ்சினிலும் அலுமினியம் பெருகியது. இந்தச் சூழலில் கரிம அமிலத் தடுப்பான்கள் வந்தன. இவை சுவர் முழுவதையும் போர்த்துவதில்லை, அரிப்பு தொடங்கும் இடங்களில் மட்டும் ஒட்டுகின்றன. அதனால் மெதுவாகவே தீர்கின்றன. ஜெனரல் மோட்டார்ஸ் 1995இல் கொண்டுவந்த ஆரஞ்சு நிற டெக்ஸ்கூல் ஐந்து ஆண்டு என்ற வாக்குறுதியோடு வந்தது. ஃபோக்ஸ்வேகன் 1990களில் ஜி11ஐ விட்டுச் சிவப்பு நிற ஜி12க்கு மாறியது.

டெக்ஸ்கூலின் வரலாறு இந்தத் தரப்பின் பலம், பலவீனம் இரண்டையும் காட்டுகிறது. சில மாடல்களில் அமைப்புக்குள் பழுப்புச் சேறு படிந்தது, இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட்டுகள் கசிந்தன. அமெரிக்காவில் தொடரப்பட்ட கூட்டு வழக்குகள் 2008 வாக்கில் சமரசத்தில் முடிந்தன. குற்றம் கூலன்ட்டுடையதா, கேஸ்கட் வடிவமைப்புடையதா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. கூலன்ட் அளவு குறைந்து காற்று புகுந்த அமைப்புகளில் சேறு அதிகம் சேர்ந்தது என்ற விளக்கம் பரவலாக முன்வைக்கப்பட்டது. அது உண்மையானால் பழைய வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி அது. சொட்டுச் சொட்டாகக் கசிவதும் அளவு குறைவதும் பழைய வண்டியில்தான் அதிகம்.

பழைய வண்டியில் இந்தக் கூலன்ட்டை ஊற்றக் கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, ரேடியேட்டரின் ஈயச் சால்டரை அது போதிய அளவு காக்காது. இன்னொன்று, பல கலவைகளில் உள்ள 2-எத்தில்ஹெக்சனாயிக் அமிலம் சிலிக்கோன் ரப்பரையும் சிலவகை நைலானையும் மென்மையாக்கும். இரண்டாவதற்கு வேதியியல் அடிப்படை உண்டு. முதலாவது அவ்வளவு நேரானதல்ல. டி1384 சோதனையில் செம்பு, பித்தளை, சால்டர், எஃகு, வார்ப்பிரும்பு, அலுமினியம் என்று ஆறு உலோகத் தகடுகளை 88 டிகிரி கூலன்ட்டில் 336 மணி நேரம், காற்றுக் குமிழி விட்டபடி முக்கி வைக்கிறார்கள். டி3306 தரநிலையைத் தாண்ட, சால்டர் தகடு 30 மில்லிகிராமுக்கு மேல் எடை இழக்கக் கூடாது. அந்தத் தரநிலையைப் பெற்ற சிவப்புக் கூலன்ட்டும் இந்தத் தேர்வை எழுதித் தேறியதுதான்.

ஆயினும் அது புதுத் தகடு, சுத்தமான கண்ணாடிக் குடுவை, பதினான்கு நாள். நாற்பது வருஷத் துருவும் பழைய கூலன்ட்டின் மிச்சமும் படிந்த பிளாக்கில் அதே முடிவு வருமா என்பதற்கு அந்தச் சோதனை பதில் சொல்வதில்லை. எச்சரிப்பவர்களுக்கும் எச்சரிக்கை மிகை என்பவர்களுக்கும் இடையிலான தூரம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

நிறம் சொல்லாத செய்தி

கனிம வழி, கரிம வழி இரண்டையும் கலந்த கூட்டுகளிலும் கண்டத்துக்கு ஒரு போக்கு உருவானது. ஐரோப்பியத் தண்ணீர் பல இடங்களில் கடினமானது, எனவே ஐரோப்பியர் பாஸ்பேட்டைத் தவிர்த்துச் சிலிக்கேட்டை வைத்துக்கொண்டனர். ஜப்பானியர் சிலிக்கேட்டை விலக்கினர். வாட்டர் பம்ப் சீல் தேய்மானம் அவர்களுடைய கவலை. அவர்கள் பாஸ்பேட்டையும் கரிம அமிலத்தையும் சேர்த்தனர். டொயோட்டாவின் சிவப்பு, ஃபோக்ஸ்வேகனின் சிவப்பு, கடையில் கிடைக்கும் மலிவுச் சிவப்பு மூன்றும் ஒரே மருந்து அல்ல.

கூலன்ட்டின் நிறத்துக்கென்று பொதுவான தரநிலை எதுவும் இல்லை. அது வெறும் சாயம். கேனில் பார்க்க வேண்டியது இந்தியாவின் ஐஎஸ் 5759, ஜப்பானின் ஜேஐஎஸ் கே 2234, அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் டி3306 போன்ற எண்களும், தடுப்பான் எந்த வகை என்ற குறிப்பும்தான். இரண்டும் இல்லாத கேனில் கிளைக்கால் எவ்வளவு, தடுப்பான் எவ்வளவு என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை.

கலந்தால் ஜெல்லியாகிவிடும் என்ற அச்சத்துக்குப் பகுதி ஆதாரமே உண்டு. ஜி11, ஜி12 கலந்தபோது பழுப்புக் கசடு உண்டானது நன்கு அறியப்பட்ட நிகழ்வு. ஃபோக்ஸ்வேகனின் அடுத்த தலைமுறை ஜி12 ப்ளஸ் பழையவற்றோடும் கலக்கும்படி உருவாக்கப்பட்டது. பெரும்பாலான மற்றக் கலப்புகளில் உடனடிக் கேடு தெரிவதில்லை. இரு மருந்தும் நீர்த்துப்போய் நீண்ட ஆயுள் என்ற பயன் மட்டும் காணாமல் போகிறது.

நான்காம் தரப்பு: தண்ணீரே வேண்டாம்

தண்ணீர் இருப்பதால்தானே துரு என்ற தர்க்கத்தில் பிறந்தது நீரற்ற கூலன்ட். எவான்ஸ் போன்ற நிறுவனங்கள் விற்கும் இந்தக் கிளைக்கால் கலவைகளின் கொதிநிலை 180 டிகிரிக்கும் மேல். அமைப்பில் அழுத்தம் ஏறாததால் பழைய ஹோஸுக்கும் கேஸ்கட்டுக்கும் சுமை குறைவு. ஆண்டில் சில நாள் மட்டும் வெளியே வரும் விண்டேஜ் கார்களின் சொந்தக்காரர்கள் சிலர் இதை விரும்புகிறார்கள்.

இதன் வெப்ப ஏற்புத்திறன் தண்ணீரினதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குதான், பாகுத்தன்மையும் அதிகம். சென்னை நெரிசலில், மே மாத மதியத்தில், பாதி அடைத்த ரேடியேட்டரோடு நிற்கும் வண்டிக்கு இது ஏற்றதா என்று சந்தேகப்பட இடமுண்டு. கொதிக்காமல் இருப்பதும் சூடாகாமல் இருப்பதும் ஒன்றல்ல. வழியில் குறைந்தால் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கவும் முடியாது, ஊற்றினால் செலவழித்த பணம் வீண்.

எந்த வண்டிக்குள் என்ன இருக்கிறது

தரப்புகளை எடைபோட, வண்டிக்குள் இருக்கும் உலோகத்தைப் பார்க்க வேண்டும். மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்து 2014 வரை உத்தர்பாராவில் தயாரான அம்பாசடரின் பழைய பெட்ரோல் எஞ்சின், பிஎம்சி பி வரிசையைச் சேர்ந்தது. பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும், இணைப்பு ஈயச் சால்டர். வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இதே இனம். இந்த வண்டிகள் தண்ணீரிலேயே பல வருஷம் ஓடியதில் வியப்பில்லை. வார்ப்பிரும்பு தடிமனானது, துருவைச் சகித்துக்கொள்ளும். இருந்தும் பி வரிசையில் ஓரிடம் காட்டிக்கொடுக்கும். தெர்மோஸ்டாட்டை மூடும் வளைந்த எல்போ அலுமினியக் கலவை. தடுப்பான் இல்லாத நீரில் அது வெண்பொடியாக அரித்து, எஃகு ஸ்டட்டுகளோடு ஒட்டிப்போய், கழற்றும்போது உடையும். இரும்பும் செம்பும் ஒரே நீரில் இருக்கும்போது அலுமினியமே முதல் பலி.

பிரீமியர் பத்மினிக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. ஃபியட் 1100 வழிவந்த அந்த 1089 சிசி எஞ்சினில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். 1983இல் வந்த மாருதி 800இன் 796 சிசி எஞ்சினிலும் ஹெட் அலுமினியம். 1993இல் வந்த மாருதி ஜென்னில் பிளாக்கும் அலுமினியம். இவற்றில் வெறும் தண்ணீர் என்பது ஹெட் முகப்பை, முக்கியமாகக் கேஸ்கட்டின் நீர்த்துளை ஓரங்களை, அரிக்கவிடுவது. அரித்த ஓரத்தில் கேஸ்கட் நிற்காது.

ஈர லைனர் கொண்ட டீசல் எஞ்சின்களுக்குத் தனிக் கவலை உண்டு. லைனர் அதிர்வதால் வெளிச்சுவரில் நீர்க்குமிழிகள் உண்டாகி உடைந்து, இரும்பில் ஊசித்துளை போடும். அதைத் தடுக்க நைட்ரைட் அல்லது மாலிப்டேட் சேர்ந்த கனரகக் கூலன்ட் வேண்டும். கார்க் கூலன்ட் அதற்காக உருவாக்கப்பட்டதல்ல.

மாற்றுவது: எப்போது, எப்படி

வருஷக் கணக்கா, கிலோமீட்டர் கணக்கா, சோதனைக் கணக்கா என்பதில் மூன்று கருத்துகள் உண்டு. கெடு வகுத்தவர்கள் தினமும் ஓடும் வண்டியை மனதில் வைத்தே வகுத்தார்கள். ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் ஓடும் பழைய வண்டிக்குக் கிலோமீட்டர் அளவு பொருளற்றது. நின்ற நீரிலும் அரிப்பு நடக்கிறது. ஆகவே மரபுவழிக் கூலன்ட்டில் இரண்டு வருஷக் கெடுவையே பாதுகாப்பானதாகக் கொள்ளலாம்.

சோதனைகளுக்கும் எல்லை உண்டு. ரிஃப்ராக்டோமீட்டர் கிளைக்கால் எவ்வளவு என்று சொல்லும், தடுப்பான் மிச்சமிருக்கிறதா என்று சொல்லாது. பிஎச் தாள் அமிலம் கூடியதைக் காட்டும். புதிய மரபுவழிக் கூலன்ட் காரத்தன்மை உடையது, அளவு 7ஐ நெருங்கினால் மாற்றும் நேரம் தாண்டிவிட்டது. மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கூலன்ட்டிலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்து வோல்ட் பார்க்கும் பட்டறை முறையும் பிரபலம். வண்டியின் எர்த் இணைப்புக் கோளாறும் அதே அளவைக் காட்டும் என்பதால் அதைத் தனிச் சான்றாகக் கொள்வது கடினம்.

மாற்றும்போது அதிகம் தவறுவது கணக்கில். அமைப்பின் கொள்ளளவு 6 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ரேடியேட்டரின் கீழ்க் குழாயை மட்டும் திறந்தால் 3 லிட்டர் வடியலாம். மீதி பிளாக்கிலும் ஹீட்டரிலும் நிற்கும். புதிதாக ஊற்றினாலும் பாதி பழையதே. இன்னொரு முறை வடித்தால் கால் பங்கு, மூன்றாம் முறை அரைக்கால். பி வரிசை எஞ்சினில் பிளாக்கின் பக்கத்திலும் வடிகுழாய் இருக்கிறது. பெரும்பாலும் சேறு அடைத்து வடியாது, கம்பியால் குத்திவிட வேண்டியிருக்கும்.

கழுவிய பிறகும் இதே சிக்கல். 6 லிட்டரில் 2 லிட்டர் கழுவுநீர் உள்ளே நின்றால், மீதி 4 லிட்டருக்கு 50 விழுக்காடு ரெடிமிக்ஸ் ஊற்றினால் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு கிளைக்கால்தான். பாதிக்குப் பாதி வேண்டுமானால் முதலில் 3 லிட்டர் அடர்கூலன்ட், பிறகு 1 லிட்டர் பேட்டரி வாட்டர். கடைசிக் கழுவலையும் பேட்டரி வாட்டரிலேயே முடிப்பது நல்லது.

எவ்வளவு அடர்த்தி என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. குளிர்நாட்டு மேனுவல்கள் 50 விழுக்காட்டைச் சொல்கின்றன. உறைபனி இல்லாத ஊரில் வெப்பக் கடத்தலைக் கருதி 33 விழுக்காடு போதும் என்பவர்கள் உண்டு. அதற்கும் கீழே இறங்கினால் தடுப்பானும் சேர்ந்து நீர்த்துப்போகிறது. வெயில் நாட்டில் குறைந்த அளவு எது என்பதைத் தீர்மானிப்பது கிளைக்கால் அல்ல, அதோடு வரும் மருந்து. கொதிநிலையைப் பொறுத்தவரை மூடியின் பங்கு பெரிது. 7 பிஎஸ்ஐ மூடியில் வெறும் தண்ணீரே சுமார் 111 டிகிரி வரை கொதிக்காது, 15 பிஎஸ்ஐ மூடியில் சுமார் 121 வரை. ஆனால் 7 பிஎஸ்ஐக்காகச் செய்த ரேடியேட்டரில் 15 பிஎஸ்ஐ மூடியைப் போட்டால் பழைய சால்டர் இணைப்புதான் முதலில் விடும்.

ஆசிட் வாஷ் இன்னொரு சர்ச்சை. துரு நீக்கும் அமிலக் கழுவல் இரும்பு எஞ்சினில் பலன் தரும், அலுமினியத்தைத் தின்றுவிடும். "தொடாதே" என்ற எச்சரிக்கையிலும் நியாயம் இருக்கிறது. துரு அடைத்து வைத்திருந்த ஊசித்துளைகள் கழுவிய மறுநாள் கசியத் தொடங்குவதும், பழைய டம்மி பிளக்குகள் ஓட்டையாவதும் பட்டறைகளில் சகஜம். கழுவல் அந்தத் துளைகளை உண்டாக்கவில்லை, வெளிக்காட்டியது என்பது எதிர்த்தரப்பின் பதில். செம்பு ரேடியேட்டரில் மேல் டேங்கைச் சால்டர் நீக்கிக் கழற்றி, தட்டைக் கம்பியால் ஒவ்வொரு குழாயாக ராடு போட்டுச் சுத்தம் செய்வது அமிலத்தைவிடப் பாதுகாப்பான வழி. அதைத் தெரிந்த ரேடியேட்டர் கடைகள் குறைந்து வருகின்றன.

வடித்த கூலன்ட்டைச் சாக்கடையில் விடுவதோ திறந்த தட்டில் வைப்பதோ ஆபத்து. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயோ குழந்தையோ நக்கினால் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே பறிக்கும்.

தீர்ந்தவையும் தீராதவையும்

சில விஷயங்களில் கருத்து வேறுபாட்டுக்கு இடம் குறைவு. அலுமினியம் எங்காவது இருக்கும் எஞ்சினுக்குத் தடுப்பான் இல்லாத தண்ணீர் நீண்டகாலத்துக்கு ஆகாது. போர்த் தண்ணீர் எந்தக் கூலன்ட்டையும் கெடுக்கும். நிறத்தை நம்பி வாங்குவதற்கு அடிப்படை இல்லை. செம்பு ரேடியேட்டர் கொண்ட அம்பாசடர், பத்மினி வகைகளுக்கு, தரநிலை எண் உள்ள மரபுவழிக் கூலன்ட்டைப் பேட்டரி வாட்டரில் கலந்து இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது, இன்று கிடைக்கும் சான்றுகளின்படி குறைந்த ஆபத்துள்ள வழியாகத் தெரிகிறது. அலுமினிய ரேடியேட்டர் கொண்ட பிற்கால மாருதி போன்றவற்றுக்குத் தயாரிப்பாளர் சொன்ன வகையை மாற்றக் காரணம் இல்லை.

ஈயச் சால்டர் உள்ள, துருப்பிடித்த பழைய அமைப்பில் கரிம அமிலக் கூலன்ட் பல ஆண்டுகளில் என்ன செய்கிறது என்பதற்கு வண்டிக்காரர்களின் அனுபவங்கள் இரு பக்கமும் குவிந்துள்ளன. ஆனால் புதுத் தகடு வைத்த குடுவைச் சோதனை அதற்கு விடையாகாது. எச்சரிக்கையை ஏற்பதில் இழப்புச் சிறியது என்பதே அதன் இப்போதைய பலம். 33 விழுக்காட்டுக் கலவையின் தடுப்பான் நாற்பது டிகிரி வெயிலில் எத்தனை மாதம் தாங்கும், மிகக் குறைவாக ஓடும் வண்டிக்கு இரண்டு வருஷக் கெடு அதிகமா குறைவா என்பனவும் திறந்தே இருக்கின்றன. இந்தக் கெடுக்களும் விகிதங்களும் பெரும்பாலும் குளிர்நாட்டுப் புது வண்டிகளுக்காக வகுக்கப்பட்டவை.

கடைகளின் அலமாரியும் மாறிக்கொண்டிருக்கிறது. நீண்ட ஆயுள் வகைகள் பெருகி, மின்கார்களுக்கான குறைந்த மின்கடத்தும் கூலன்ட்டுகளும் சந்தைக்கு வந்துவிட்டன. தரநிலை எண்ணுள்ள மரபுவழிக் கூலன்ட் சிறிய ஊர்களில் இன்னும் எத்தனை வருஷம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அது அரிதாகிவிட்டால், இரு வகைத் தடுப்பானும் சேர்ந்த கலப்பினக் கூட்டுகளில் எது ஈயத்தையும் பித்தளையையும் நன்றாகக் காக்கிறது என்பதே பழைய வண்டிக்காரர்களின் அடுத்த கேள்வியாக இருக்கும்.